மதுரைக் கோட்டைக்குள் பட்டினி கிடந்தவர்கள் யார்?

மதுரை சம்மட்டிபுரத்தில் கான் சாகிப் அடக்கத்தலம் இருக்கிறது. 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்ட யூசுப் கான் அங்கே அடங்கியிருக்கிறார். நாம் மருதநாயகம் என்று அறிந்திருப்பது அவரைத்தான்.

சாதாரணச் சிப்பாயாக இருந்து கம்பெனியின் சிப்பாய்ப் படைக்கே தளபதியானவர் அவர். 1761இல் பூலித்தேவரின் நெற்கட்டும்செவலை வீழ்த்தியதும் அவர்தான். ஒண்டிவீரன் பூலித்தேவரின் பக்கம் நின்றவர் என்று சொல்லி ஆண்டுதோறும் நாம் மாலை போடுகிறோம். அப்படியிருக்க, நெற்கட்டும்செவலை மறைத்துவிட்டு கான் சாகிப்பைக் கொண்டாட நம்மால் முடியாது.

மதுரையையும் திருநெல்வேலியையும் குத்தகைக்கு எடுத்து ஆண்ட அவர், 1763இல் ஆற்காட்டு நவாபுக்கும் கம்பெனிக்கும் அடங்க மறுத்தார். கர்நாடகத்தையே கையில் வைத்திருந்த நவாபும் சென்னைக் கம்பெனியும் சேர்ந்து மதுரை மேல் படையெடுத்தன. முதல் முற்றுகை 1763 மழைக்காலத்தில் பின்வாங்கியது. 1764 ஜூனில் நடந்த பெருந்தாக்குதலையும் கோட்டை முறியடித்தது. அதன் பிறகு வெள்ளையர்கள் வழிகளை அடைத்துப் பட்டினி போட்டார்கள். அக்டோபர் 13இல் கூட இருந்தவர்களே கான் சாகிப்பைப் பிடித்துக் கொடுத்தார்கள்.

காட்டிக்கொடுத்த சீனிவாச ராவின் பெயர் தெரியும், பிரெஞ்சுக்காரர் மார்ஷானின் பெயரும் தெரியும். படை நடத்திய கேம்பல், மான்சன், பிரஸ்டன் பெயர்களும் ஏட்டில் இருக்கின்றன. கான் சாகிப் பிறந்த சாதி எது என்று இன்றும் மல்லுக்கட்டுகிறார்கள். ஆனால் அகழி வெட்டியவர், பீரங்கி வண்டி இழுத்தவர், சுவரேறிச் செத்த சிப்பாய், உள்ளே பசியில் சுருண்டவர் இவர்களில் ஒருவர் பெயரையும் நாம் கேட்டதில்லை.

கம்பெனியின் சென்னைப் படையில் பறையர் உள்ளிட்ட நம் மக்கள் சிப்பாய்களாகவும் மண்வேலைக்காரர்களாகவும் இருந்தார்கள். பின்னாளில் 'போர்க்குணச் சாதி' என்று பட்டியல் போட்டு, அதே வெள்ளையர்கள் அவர்களைப் படையிலிருந்து ஒதுக்கினார்கள். உழைப்பும் உயிரும் கொடுத்தவர்களுக்கு வரலாற்றில் இடமில்லாமல் போனது.

கோட்டைச் சுவரை 19ஆம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்தார். அது நின்ற இடம்தான் இன்றைய வெளி வீதிகள். அந்த வீதியில் நின்று 'எங்கள் சாதி வீரன்' என்று யாராவது முழங்கினால், கோட்டைக்குள் கடைசிப் பிடி அரிசி யாருக்குக் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று நாம் கேட்க வேண்டும்.