பல மாடுகளில் ஒரு காளை

மேய்ச்சல் நிலத்தையும் கால்நடைகளையும் தைல வண்ணத்தில் தீட்டியவர்கள், புல்வெளியில் அமர்ந்து கண்டதைக் கண்டபடி வரைந்தே அந்தக் கலையைக் கற்றார்கள் என்று பலரும் நம்புகிறார்கள். ஓவியங்களை நெருங்கிப் பார்த்தால் இந்த நம்பிக்கை நிற்பதில்லை. மாட்டைத் தனியாக, வானத்தைத் தனியாக, தோலுக்கடியில் இருக்கும் தசையைத் தனியாகப் படித்து, பிறகு ஓவியக்கூடத்தில் ஒன்றுசேர்த்தார்கள். டச்சு ஓவியர் பாவுலஸ் பாட்டர் 1647இல் தீட்டிய 'காளை' இதற்கு முதல் சாட்சி. அப்போது அவருக்கு வயது 22ஐத் தாண்டவில்லை. ஹாலந்தின் டென் ஹாக் நகரில் மௌரிட்ஸ்ஹௌஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் அந்தப் படம் 3 மீட்டருக்கும் மேல் அகலமானது. மொய்க்கும் ஈக்கள்கூட அதில் தெரிகின்றன. ஆனால் கால்நடை அறிந்தவர்கள் ஆராய்ந்தபோது, கொம்பும் அலைதாடியும் இரண்டு வயதுக் காளைக்குரியவை, பற்கள் நான்கைந்து வயது மாட்டினுடையவை, தோளோ முழுதாக வளர்ந்த காளையினுடையது என்று தெரிந்தது. பல மாடுகளைப் பார்த்து வரைந்த பயிற்சிப் படங்களே ஒரு காளையாகியிருக்கின்றன. நிலக்காட்சியும் அப்படித்தான் வளர்ந்தது. காளையை மட்டும் தீட்டத் தொடங்கிய பாட்டர், பிறகு கித்தானின் பக்கங்களிலும் மேற்புறத்திலும் துண்டுகளை ஒட்டிப் படத்தைப் பெரிதாக்கினார்.

இருநூறு ஆண்டுகள் கழித்துப் பிரான்ஸில் ரோசா பொனர் கற்ற விதம் இதை இன்னும் தெளிவாக்குகிறது. பாரிஸின் அரசு ஓவியப் பள்ளி 1897 வரை பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஓவியரான தந்தையிடமே பாடம் தொடங்கிய ரோசா, லூவ்ர் அருங்காட்சியகத்தில் பழைய படங்களைப் பார்த்துப் படியெடுத்தார். பாட்டரின் படங்களும் அவற்றில் உண்டு. பிறகு கசாப்புக்கூடங்களுக்குப் போய் எலும்பையும் தசையையும் படித்தார். குதிரைச் சந்தையில் தொந்தரவின்றி வரைவதற்காகக் கால்சட்டை அணியக் காவல்துறையிடம் அனுமதிச் சீட்டு வாங்கினார். திறமை உள்ள ஒருவர் இவ்வளவு தடைகளைத் தாண்டித்தான் ஒரு மாட்டின் தோளை அறிய முடிந்தது என்பது அந்தக் காலத்தின் அநீதி. 1849இல் அவர் தீட்டிய 'நிவெர்னேயில் உழவு' ஓவியத்தில் எருதுகள்தான் முதன்மை. உழவர்கள் பெரும்பாலும் அவற்றின் பின்னே மறைந்துவிடுகிறார்கள். நுகத்தின் பாரம் எருதின் கழுத்திலிருந்து பின்னங்கால் வரை இறங்குவது அதில் தெரிகிறது. உடற்கூறு படிக்காத கையால் அதைத் தீட்ட முடியாது.

1841இல் ஓவியர் ஜான் கோஃப் ராண்ட் வண்ணம் அடைக்கும் தகரக் குழாய்க்குக் காப்புரிமை பெற்றபின், அதுவரை பன்றியின் சிறுநீர்ப்பையில் கட்டிவைத்த வண்ணத்தை எளிதாக வெளியே கொண்டுபோக முடிந்ததே, பிரான்ஸின் பார்பிசோன் ஊரில் கூடிய நிலக்காட்சி ஓவியர்கள் திறந்தவெளியில்தானே தீட்டினார்கள் என்று கேட்கலாம். தீட்டினார்கள், உண்மை. ஆனால் மரம் அசையாமல் நிற்கும், மாடு நிற்காது. அவர்களில் ஒருவரான கான்ஸ்டான் ட்ரோயோன் 1847இல் ஹாலந்து போய்ப் பாட்டரின் படங்களைக் கண்டபிறகே விலங்குகள் பக்கம் முழுமையாகத் திரும்பினார். 1855இல் அவர் முடித்த 'உழவுக்குச் செல்லும் எருதுகள்' 4 மீட்டர் அகலம். அந்த அளவுக் கித்தானை வயலில் நிறுத்தி, மெதுவாகக் காயும் தைல வண்ணத்தைப் பூச்சின்மேல் பூச்சாக ஏற்ற முடியாது. வெளியில் பிடித்தது காலை ஒளியின் நிறம். படம் உருவானது உள்ளே.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: இறந்த உடல் தசையைக் காட்டும், நடையைக் காட்டாது. ரோசா அதையும் அறிந்திருந்தார். பாரிஸ் மாடி வீட்டிலேயே ஆடு வளர்த்தவர், 1860இல் ஃபோன்தென்புளோ காட்டருகே பி என்ற ஊரில் குடியேறியபின், வரைவதற்கென்றே சிங்கம் வரை வளர்த்தார்.