மாட்டு வண்டிக்காக வெட்டிய சாலையில் திறந்த கார்கள்

நீலகிரிக்கு ஏறும் முக்கிய மலைச்சாலைகள் மோட்டார் வண்டி பிறப்பதற்கு முன்பே வெட்டப்பட்டவை. அதற்கும் முன்னால் படுகர்களும் மற்ற மலைவாழ் மக்களும் ஏறி இறங்கிய ஒற்றையடிப் பாதைகள் இருந்தன. கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் கோத்தகிரிப் பக்கம் ஏறிப் பார்த்து வந்தார். அதன் பிறகு சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு ஒரு பாதை போடும் வேலை தொடங்கியது. லெப்டினன்ட் ஈவன்ஸ் மக்ஃபர்சன் மேற்பார்வையில், சிறைக் கைதிகளின் உழைப்பில் 1823-ல் அந்தப் பாதை முடிந்தது. நீலகிரிச் சாலைகளின் வரலாற்றில் அதிகாரிகளின் பெயர்கள் மட்டுமே நிலைத்திருக்கின்றன. பாறையை உடைத்தவர்களின் பெயர்கள் நிலைக்கவில்லை.

சென்னை ஆளுநர் லஷிங்டன் காலத்தில், 1830-க்கும் 1832-க்கும் இடையே, லெப்டினன்ட் லெ ஹார்டி குன்னூர் வழியாக இரண்டாவது பாதையை அமைத்தார். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறுவோருக்கு அது குறுக்கு வழி. ஆனால் ஏற்றம் கடுமையாக இருந்ததால் பார வண்டிகள் அதில் போக முடியவில்லை. வசதி படைத்தவர்கள் குதிரையிலும் டோலியிலும் சென்றார்கள். சாமான்கள் பொதிமாட்டிலும் தலைச்சுமையாகவும் ஏறின. அடிவாரத்துக் கல்லாற்றில் மலைக்காய்ச்சல் பயம் வேறு. அங்கே இரவு தங்கக் கூடாது என்று பயணிகளை எச்சரிப்பது வழக்கம்.

ஏறத்தாழ இதே காலத்தில்தான் ஆல்ப்ஸ் மலையில் ஸ்டெல்வியோ கணவாய்ச் சாலை உருவானது. ஆஸ்திரியப் பேரரசு தன் ஆட்சியிலிருந்த லொம்பார்டியோடு தொடர்பு வைத்துக்கொள்ள, கார்லோ டொனேகானி என்ற பொறியாளரைக் கொண்டு 1825-ல் அதை முடித்தது. கடல் மட்டத்திலிருந்து 2,757 மீட்டர் உயரத்துக்குப் போகும் அந்தச் சாலையில், ஒரு பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். அது படை நடக்கப் போட்ட சாலை. நீலகிரிப் பாதைகளோ வெள்ளைக்கார அதிகாரிகளும் நோய்ப்பட்ட சிப்பாய்களும் குளிர்ந்த இடம் தேடிப் போகப் போட்டவை.

நீலகிரிச் சாலையின் தலையெழுத்தை மாற்றியவர் கர்னல் லா. குன்னூருக்கு அவர் வகுத்த புதிய மலைச்சாலை 1871-ல் முடிந்தது. பர்லியாறுக்கு மேலே உள்ள லாஸ் அருவி அவர் பெயரைத் தாங்கியது. சாலையின் சரிவு எவ்வளவு என்பதை முடிவு செய்தது மனிதன் அல்ல, மாடு. பாரம் ஏற்றிய வண்டியை ஒரு ஜோடி மாடு மூச்சு வாங்கியபடியாவது இழுத்துப்போக வேண்டும். நிறுத்தினால் வண்டி பின்னால் உருளக் கூடாது. அதற்காகச் சாலை நேராக ஏறாமல் மலையின் மடிப்புகளுக்குள் புகுந்து, சுற்றி, நீளமாகவும் சீராகவும் ஏறுகிறது. பின்னாளில் இருபது குதிரைத்திறன்கூட இல்லாத கார்கள் உதகை வரை ஏற முடிந்ததற்குப் பெரிய காரணம் இதுதான்.

1870 முதல் உதகமண்டலம் சென்னை மாகாண அரசின் அதிகாரபூர்வக் கோடைத் தலைநகராக இருந்தது. 1873-ல் ரயில் மேட்டுப்பாளையத்தை எட்டியதும் அங்கிருந்து மலைமேல் குதிரை டோங்காக்கள் ஓடின. வழியில் இடத்துக்கு இடம் குதிரை மாற்றுவார்கள். மலை ரயில் 1899-ல் குன்னூருக்கும் 1908-ல் உதகைக்கும் வந்தது. அதற்கு ஆல்ப்ஸ் மலையோடு நேரடி உறவு உண்டு: பல்சக்கர முறை சுவிட்சர்லாந்துக்காரரான ரோமன் ஆப்ட் வகுத்தது, பிற்காலத்து எஞ்சின்கள் பல அந்நாட்டின் விண்டர்தூர் நகரத்தில் செய்யப்பட்டவை.

மலை ரயில் உதகையைத் தொடும் நேரத்தில் மோட்டார் கார் இந்தியாவுக்கு வந்துவிட்டிருந்தது. சென்னை சிம்ப்சன் நிறுவனத்தில் சாமுவேல் ஜான் கிரீன் 1903-ல் ஒரு நீராவிக் காரைக் கட்டினார். 1908-ல் பம்பாயிலிருந்து கோலாப்பூர் சென்று திரும்பும் மோட்டார் பந்தயம் நடந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பல கணவாய்களைக் கடக்கும் அந்தப் போட்டியில் ‘கிழக்கின் முத்து’ என்று பெயரிட்ட ரோல்ஸ் ராய்ஸ் வென்றது. பிறகு அதைக் குவாலியர் மன்னர் வாங்கிக்கொண்டார். அதே நிறுவனத்தின் கார் ஒன்று, 1912-ல் ஆஸ்திரியாவின் ஆல்ப்ஸ் ஓட்டத்தில், மூன்றே கியர் இருந்ததால் கட்ஷ்பெர்க் கணவாயில் ஏற முடியாமல் நின்றது. அடுத்த ஆண்டு நான்கு கியர் வைத்து அனுப்பிய கார்கள் மானத்தைக் காத்தன. கார் உற்பத்தியாளர்களுக்கு மலைப்பாதைதான் உரைகல்லாக இருந்தது.

அந்நாளில் பெரும்பாலான கார்கள் திறந்தவையே. ‘டூரர்’ எனப்பட்ட அவற்றுக்கு இரும்புக் கூரை கிடையாது. மழை வந்தால் இழுத்து மூடிக்கொள்ள ஒரு துணி ஹூட் மட்டும் இருக்கும். 1928-ல் ஜெனரல் மோட்டார்ஸ் பம்பாயில் பாகங்களை இணைத்துச் செவர்லே வண்டிகளைத் தயாரிக்கத் தொடங்கியதும் தோட்ட முதலாளிகள், ஜமீன்தார்கள், வக்கீல்கள் கைக்குக் கார் எட்டியது.

சமவெளியில் சிக்கலில்லாமல் ஓடிவரும் பழைய கார்கூட, கல்லாற்றைத் தாண்டியதும் திணற ஆரம்பிக்கும். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்குச் சுமார் ஐம்பது கிலோமீட்டரில் ஏறத்தாழ 1,900 மீட்டர் ஏற்றம். வண்டி மெதுவாக ஊர்வதால் ரேடியேட்டருக்குக் காற்று போதாது. மேலே போகப்போகக் காற்றழுத்தம் குறைந்து, உதகை உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். காற்று மெலிவதால் கார்புரேட்டர் பெட்ரோலை அதிகமாகக் கலந்து, புகைபோக்கி கறுப்பாகக் கக்கும். ஓடைக்கரையில் வண்டியை ஓரங்கட்டி, கந்தல் துணியால் மூடியைத் திருகி, ஆவி அடங்கும்வரை ஒதுங்கி நின்று, பிறகு தண்ணீர் ஊற்றுவது மலையேற்றத்தின் ஓர் அங்கம். நின்ற வண்டி பின்னால் நகராமல் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்க ஓர் ஆள் தயாராக இருக்க வேண்டும். ஃபோர்டு மாடல் டி-யில் பெட்ரோல் டேங்க் இருக்கைக்கு அடியில் இருந்தது. பம்ப் இல்லாததால், செங்குத்தான ஏற்றத்தில் எஞ்சினுக்குப் பெட்ரோல் இறங்காது. வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாகவே ஏற்றுவார்கள். இறக்கத்தில் ஆபத்து வேறுவிதம். பிரேக்கை மட்டும் நம்பினால் டிரம் சூடேறிப் பிடி விட்டுப்போகும் என்பதால் சின்ன கியரிலேயே இறங்க வேண்டும்.

நாலைந்து கார்கள் சேர்ந்து மலையேறுவதன் பயனும் இதில்தான் இருக்கிறது. ஒன்று நின்றால் கயிறு, தண்ணீர், ஸ்பேனர், தள்ள ஆள் எல்லாம் அடுத்த வண்டியில் கிடைக்கும்.

பொது மக்களுக்கு மோட்டார் பயணத்தைக் கொண்டுசேர்த்தது பேருந்துதான். ஜி.டி. நாயுடு 1920-ல் பொள்ளாச்சி–பழனி வழியில் தாமே ஓட்டத் தொடங்கிய ஒற்றைப் பேருந்து, கொங்கு நாட்டின் பெரிய போக்குவரத்து நிறுவனங்களில் ஒன்றாக வளர்ந்தது. மூடிய கார்கள் பெருகப்பெருகத் திறந்த டூரர்கள் கொட்டகைகளுக்குள் ஒதுங்கின. ஐரோப்பாவில் அந்த நேரம் காற்று வேறு பக்கம் வீசியது: 1935-ல் ஆஸ்திரியா திறந்த குரோஸ்குளோக்னர் சாலை, கார்க்காரர்கள் சுற்றிப் பார்ப்பதற்கென்றே கட்டணம் வைத்துப் போட்ட மலைச்சாலை. தமிழ்நாட்டில் அப்படி ஒன்று அமையவில்லை. மாட்டு வண்டிச் சாலையே அகலமாகித் தார் பூசிக்கொண்டது.

பழைய கார்களைத் திரும்பச் சாலைக்குக் கொண்டுவந்தவர்கள் சேகரிப்பாளர்கள். கோவையில் ஜி.டி. நாயுடு அறக்கட்டளையின் ஜீடி கார் அருங்காட்சியகம் 2015-ல் திறக்கப்பட்டது. உதகையில் கோடை சீசனை ஒட்டிப் பழைய கார்களின் அணிவகுப்பு நடப்பதுண்டு. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிகளின்படி, ஐம்பது ஆண்டு கடந்த, மூல வடிவம் கெடாத வண்டிகளை ‘விஏ’ எழுத்துகள் கொண்ட தனி எண் வரிசையில் பதியலாம். அவற்றைக் கண்காட்சி, அணிவகுப்பு, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் ஓட்டலாம்.

மேட்டுப்பாளையம்–குன்னூர் சாலையில் இன்று 14 கொண்டை ஊசி வளைவுகள். மசினகுடியிலிருந்து உதகைக்கு ஏறும் கல்லட்டிச் சாலையில் 36. அது பழைய வண்டிக்கு ஏற்றதல்ல. சீசனில் குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கும்படி ஒருவழிப் போக்குவரத்து வைக்கிறார்கள். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் நீலகிரிக்குள் நுழையும் வெளி வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது.