ஜோகூரில் வாளியில் உருளைக்கிழங்கு விளையுமா? கூரைக்கு அடியில் கிழங்கும் பயத்தங்காயும் வளர்ப்பது எப்படி?

முளைவிட்ட உருளைக்கிழங்கை ஒரு வாளி மண்ணில் புதைக்கிறார்கள். மூன்று மாதம் கழித்து வாளியைக் கவிழ்த்தால் கூடை நிறையக் கிழங்கு. இப்படிப்பட்ட காணொளிகளைப் பார்த்துவிட்டு, கூலாயிலோ குளுவாங்கிலோ உங்கள் வீட்டு முன்வாசலில் நீங்களும் முயன்றிருக்கலாம். செடி பச்சைப்பசேலென்று வளர்ந்திருக்கும். தோண்டினால் கோலிக்குண்டு அளவில் நாலைந்து கிழங்கு. சில வீடுகளில் அதுவும் இருக்காது.

கைராசி இல்லை என்று நினைக்க வேண்டாம். அந்தக் காணொளிகளில் பல குளிர் நாடுகளில் எடுக்கப்பட்டவை. பிரிட்டன் போன்ற இடங்களில் குளிர்காலம் முடியும் முன்பே தொட்டிகளில் உருளைக்கிழங்கை நட்டு, பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் வைப்பார்கள். உறைபனி இளஞ்செடியைக் கருக்கிவிடாமல் காப்பதே அந்தக் கூரையின் வேலை. ஜோகூரிலும் கூரை பயன்படும், ஆனால் இங்கே அது குளிருக்காக அல்ல, மழைக்காக.

உருளைக்கிழங்கு ஏன் கிழங்கு வைப்பதில்லை?

உருளைக்கிழங்கு வேரில் விளைவதில்லை. மண்ணுக்கு அடியில் ஓடும் தண்டின் நுனி பருத்துத்தான் கிழங்காகிறது. அப்படிப் பருப்பதற்குச் செடிக்கு ஒரு சமிக்ஞை வேண்டும். பகல் நீளம் குறைவாகவும் இரவு குளிர்ச்சியாகவும் இருந்தால் அந்தச் சமிக்ஞை வலுவாகக் கிடைக்கும்.

பகல் நீளத்தில் நமக்குக் குறையில்லை. நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் ஜோகூரில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 12 மணி நேரப் பகல்தான். சிக்கல் இரவில் இருக்கிறது. கிழங்கு நன்றாக வைக்க இரவு வெப்பம் 15 முதல் 18 டிகிரி செல்சியஸ் வரை இருப்பது நல்லது. நம் தாமான்களில் விடியற்காலையிலும் அது 23 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. பகலில் இலை தயாரித்த மாவுச்சத்தில் ஒரு பங்கைச் செடி வெப்பமான இரவில் மூச்சுவிட்டே செலவழித்துவிடும். மிச்சம் இருப்பதும் தழைக்குப் போய்விடும்.

"யாழ்ப்பாணத்தில் சமவெளியிலேயே விளையுதே?" என்று சிலர் கேட்பார்கள். விளைகிறது, ஆனால் ஆண்டின் குளிர்ந்த மாதங்களில் மட்டும், அதுவும் திறந்த வயலில். நம் வீட்டில் சிமெண்டுத் தரையில் வெயில் படும் கறுப்புப் பையின் மண்ணோ வயல் மண்ணைவிடப் பல டிகிரி கூடுதலாகச் சூடேறும். மலேசியச் சந்தையில் கிடைக்கும் உருளைக்கிழங்கு ஏறக்குறைய முழுவதும் சீனா, வங்காளதேசம், பாகிஸ்தான் போன்ற நாடுகளிலிருந்து வருவதற்குக் காரணமும் இந்த வெப்பநிலைதான். பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு செடி வைக்கலாம். குழம்புக்கு என்றால் வேறு கிழங்கைப் பார்ப்பதே மேல்.

சர்க்கரைவள்ளி: வெப்பத்துக்கு ஏற்ற கிழங்கு

ஜப்பானியர் காலத்தில் அரிசி கிடைக்காதபோது தோட்டப்புற மக்களின் வயிற்றை ஓரளவு நிரப்பியவை மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும். இங்கே பலர் கெலெடெக் என்றே சொல்லும் சர்க்கரைவள்ளிக்கு இரவுக் குளிர் தேவையில்லை. மார்டி எனப்படும் மலேசிய வேளாண் ஆராய்ச்சி, மேம்பாட்டுக் கழகம் வெளியிட்ட 'விதாத்தோ' என்ற ஆரஞ்சு நிறச் சதை கொண்ட ரகம் பரவலாகப் பேசப்படுகிறது.

இதற்கு விதைக்கிழங்கு வேண்டாம். சுமார் 30 செண்டிமீட்டர் நீளமுள்ள கொடித்துண்டு போதும். பெரிய அரிசிச் சாக்கிலோ, 40 லிட்டர் அளவுள்ள தொட்டியிலோ ஒன்று அல்லது இரண்டு துண்டு நடுங்கள். அதற்கு மேல் நட்டால் கிழங்கு மெலியும். மாட்டு எருவையும் தழைச்சத்து உரத்தையும் அள்ளிப் போட்டால் கொடி வேலியெல்லாம் ஓடும், கிழங்கு வைக்காது. மூன்றரை முதல் நான்கு மாதத்தில் தோண்டலாம். அதுவரை இளந்தளிரைக் கிள்ளிச் சமைக்கலாம். ரொம்பக் கிள்ளினால் கிழங்கு சிறுக்கும்.

பீன்ஸா, பயத்தங்காயா?

கடையில் வாங்கும் பீன்ஸ், அதாவது பொன்சிஸ், கேமரன் மலை போன்ற குளிர்ந்த இடத்துப் பயிர். சமவெளியின் சூட்டில் அதன் மகரந்தம் கெட்டு, பூ கொட்டிவிடும். "பூ நிறைய பூக்குது, ஆனா காய்க்கவே மாட்டேங்குது" என்ற புலம்பலுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். பயத்தங்காயும் சிறகவரையும் வெப்பம் தாங்கும். புதிதாகத் தொடங்குபவர்களுக்குப் பயத்தங்காயே நல்லது: விதைத்த 45 முதல் 50 நாளில் பறிக்கத் தொடங்கலாம்.

சுமார் 20 லிட்டர் வாளிக்கு இரண்டு செடி. அடியில் ஓட்டைகள் அவசியம். மேல்மண் மூன்று பங்கு, மக்கிய எரு இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு என்பது நம் நாட்டில் பழகிய கலவை. பொந்தியான் பக்கத்துக் கரிமண் என்றால் புளிப்பு அதிகம், ஆகவே நடுவதற்கு இரண்டு வாரம் முன்பே சுண்ணாம்பு கலந்து வையுங்கள். கொடி ஏற இரண்டு மீட்டர் உயரத்துக்குக் கயிறோ குச்சியோ தேவை.

கூரை எப்படி இருக்க வேண்டும்?

நவம்பர் முதல் மார்ச் வரையிலான வடகிழக்குப் பருவமழையில் காய்கறி வரத்து குறைந்து விலை ஏறும். அந்த நேரத்தில் வீட்டில் காய் பறிக்க முடிந்தால் செலவு மிச்சம். கனமழை பூவை உதிர்க்கும், தொட்டியின் சத்தைக் கழுவிவிடும், இலையில் பூஞ்சையைப் பரப்பும். கூரை இந்த மூன்றையும் தடுக்கிறது.

வெளிச்சம் புகும் பிளாஸ்டிக் தாளை மேலே மட்டும் போடுங்கள். நான்கு பக்கமும் திறந்தே இருக்கட்டும். அடைத்துவிட்டால் நண்பகலில் உள்ளே 40 டிகிரியைத் தாண்டி, பயத்தங்காயின் பூவே கருகிவிடும். பயத்தங்காய்ப் பூ தனக்குத்தானே மகரந்தம் சேர்க்கக்கூடியது என்பதால் வண்டு வரவில்லையே என்ற கவலை வேண்டாம். கறுப்பு நிழல்வலை மட்டும் போட்டு மழையைத் தடுக்க நினைப்பவர்களும் உண்டு. அது வெளிச்சத்தைத்தான் தடுக்கும், மழை உள்ளே இறங்கும்.

கூரையால் ஒரு தொல்லையும் வரும். மழை கழுவாததால் அசுவினியும் செஞ்சிலந்திப் பேனும் பெருகும். வாரம் இரண்டு முறை காலையில் இலையின் அடிப்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். மண்ணுக்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டியதும் உங்கள் பொறுப்பு.

வெள்ளத்தையும் ஏடிஸ் கொசுவையும் மறக்காதீர்கள்

2006 டிசம்பர், 2007 ஜனவரி வெள்ளங்களும், பருவமழையின் கடைசிக் கட்டத்தில் 2023 மார்ச்சில் பத்து பகாட், சிகாமட் வட்டாரங்களை மூழ்கடித்த வெள்ளமும் ஜோகூர் மக்களுக்கு நினைவிருக்கும். தாழ்வான பகுதி என்றால் தொட்டிகளைச் செங்கல் மேலோ பலகை மேலோ ஏற்றி வையுங்கள். வெள்ளநீரில் மூழ்கிய காயைச் சமைக்க வேண்டாம்.

தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு இன்னொரு ஆபத்து. அதில் தேங்கும் தண்ணீரில் ஒரு வாரம், பத்து நாளில் ஏடிஸ் கொசு உருவாகிவிடும். கூரைத் தாள் தொய்ந்து குழிவிழும் இடத்திலும் அப்படித்தான். டிங்கி உங்கள் வீட்டாரைத்தான் முதலில் தாக்கும். வீட்டு வளாகத்தில் கொசுப்புழு கண்டுபிடிக்கப்பட்டால், 1975ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் அபராதமும் விதிக்கப்படலாம். ஆகவே தட்டே வேண்டாம். தாளைச் சரிவாக இழுத்துக் கட்டி, மழை நின்றதும் ஒரு முறை சுற்றிப் பார்த்துத் தேங்கிய நீரைக் கொட்டிவிடுங்கள்.