டெம்ப்சி ஏன் வில்ஸோடு மோதவில்லை?

பி.காம். படிக்கும் யாரும் தப்பிக்க முடியாத பகுதி ஒன்று உண்டு. 1872-ம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 73-வது பிரிவு. ஒருவர் ஒப்பந்தத்தை மீறினால் எந்த நஷ்டத்துக்கு ஈடு கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்று சொல்லும் பிரிவு அது. தேர்வுக்கு அதைப் படித்துக் கொண்டிருந்தபோது ஒரு அமெரிக்க வழக்கின் பெயர் கண்ணில் பட்டது. 'சிகாகோ கொலிசியம் கிளப் எதிர் டெம்ப்சி', 1932. எந்த டெம்ப்சி? குத்துச்சண்டை வீரர் ஜாக் டெம்ப்சியா? அவரேதான்! அப்புறம் எங்கே தேர்வுக்குப் படிப்பது...

வழக்கு ஒரு சண்டையைப் பற்றியது. நடக்காத சண்டை. அது ஏன் நடக்கவில்லை என்று புரிய, கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

1908 டிசம்பர் 26, சிட்னி. டாமி பர்ன்ஸை வென்று ஜாக் ஜான்சன் உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். அந்தப் பட்டத்தை வென்ற முதல் கறுப்பர். வெள்ளை அமெரிக்காவால் இதைத் தாங்க முடியவில்லை. ஓய்வு பெற்றிருந்த ஜெஃப்ரிஸைக் கூட்டி வந்து 1910 ஜூலை 4-ல் ரீனோ நகரில் மோத விட்டார்கள். அவரையும் ஜான்சன் வீழ்த்தினார். அன்று இரவே பல ஊர்களில் இனக் கலவரம், உயிர்ச் சேதம். 1912-ல் குத்துச்சண்டைப் படங்களை ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டு போகவே தடைச் சட்டம் வந்தது. 1915-ல் ஹவானாவில் ஜெஸ் வில்லர்டிடம் ஜான்சன் தோற்ற பிறகு 'இனி இந்தப் பட்டம் கறுப்பர் கைக்குப் போகக் கூடாது' என்பது எழுதப்படாத விதி ஆகிவிட்டது.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஜான்சனே சாம்பியனாக இருந்தபோது சாம் லாங்ஃபோர்ட் போன்ற வலுவான கறுப்பு வீரர்களுக்குப் பட்டப் போட்டி தரவில்லை. காசு வெள்ளை எதிராளியிடம்தான் இருந்தது.

1919 ஜூலை 4-ல் டொலீடோவில் வில்லர்டை முதல் ரவுண்டிலேயே ஏழு முறை தரையில் சாய்த்துப் பட்டம் வென்றவர் ஜாக் டெம்ப்சி. இவர் அன்றைய சூப்பர் ஸ்டார். 1921-ல் பிரான்சின் கார்பென்டியரோடு இவர் மோதியபோதுதான் சரித்திரத்தில் முதல் முறையாகக் குத்துச்சண்டை டிக்கெட் வசூல் 10 லட்சம் டாலரைத் தாண்டியது.

இன்னொரு பக்கம் ஹாரி வில்ஸ். 1889-ல் நியூ ஆர்லியன்ஸில் பிறந்தவர். துறைமுகத்தில் சரக்கு இறக்கும் தொழிலாளி. கறுப்பர்களுக்கென்று தனியாக வைத்திருந்த உலக ஹெவிவெயிட் பட்டத்தை வைத்திருந்தவர். லாங்ஃபோர்டோடு மட்டும் பதினைந்து முறைக்கு மேல் மோதியவர். 1920-ல் ஃப்ரெட் ஃபுல்டனை மூன்றே ரவுண்டில் முடித்தார். டெம்ப்சியை எதிர்க்கத் தகுதியானவர் யார் என்றால் இவர் பெயரைத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

1922-ல் ஒரு ஒப்பந்தம் கையெழுத்தானது. சண்டை நடக்கவில்லை. 1923-ல் டெம்ப்சி, மொன்டானாவில் ஷெல்பி என்ற சின்ன ஊருக்குப் போய் டாமி கிப்பன்ஸோடு மோதினார். அந்தச் செலவில் ஊர் வங்கிகளே திவாலாயின! அதே வருடம் அர்ஜென்டினாவின் ஃபிர்போவோடு மோதினார். அடுத்த வருடம் அதே ஃபிர்போவை வில்ஸும் கீழே தள்ளிக் காட்டினார். 1925-ல் மறுபடி ஒரு ஒப்பந்தம். அதுவும் காற்றில் போனது. 1923 செப்டம்பரிலிருந்து 1926 செப்டம்பர் வரை மூன்று வருடம் டெம்ப்சி பட்டத்துக்காக யாரோடும் மோதவே இல்லை.

டெம்ப்சி பயந்தாரா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. சண்டைகளை ஏற்பாடு செய்தவர் டெக்ஸ் ரிக்கார்ட். 1910-ல் ரீனோ சண்டையை நடத்தியவரும் இவர்தான். மறுபடி ஒரு கறுப்பர் ஜெயித்தால் என்ன ஆகும் என்ற கணக்கு அவர் மனதில் இல்லாமல் இருந்திருக்காது. அதே சமயம், பட்டம் வென்ற கையோடு 'கறுப்பர்களோடு மோத மாட்டேன்' என்று அறிவித்தது டெம்ப்சிதான். அந்தப் பழியை ரிக்கார்ட் மேல் மட்டும் போட முடியாது.

இப்போது வழக்குக்கு வருவோம். 1926 மார்ச் 13-ல் சிகாகோ கொலிசியம் கிளப் டெம்ப்சியோடு ஒப்பந்தம் போட்டது. செப்டம்பரில் வில்ஸோடு மோத வேண்டும். கையெழுத்தின்போது 10 டாலர். ஆகஸ்ட் 5-ல் 3 லட்சம். சண்டைக்குப் பத்து நாள் முன்பு 5 லட்சம். லாபத்திலும் பங்கு. ஜூலையில் இன்சூரன்ஸ் பரிசோதனைக்கு வரச் சொல்லி கிளப் கேட்டது. டெம்ப்சி தந்தி அடித்தார். டன்னியோடு மோதப் பயிற்சியில் இருக்கிறேன், உங்களிடம் ஒப்பந்தமே கிடையாது என்று!

நியூயார்க் குத்துச்சண்டைக் கமிஷன் மட்டும் 'முதலில் வில்ஸ்' என்று அடம் பிடித்தது. ரிக்கார்ட் என்ன செய்தார்? சண்டையை ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றிவிட்டார். 1926 செப்டம்பர் 23-ல் 1,20,757 பேர் முன்னிலையில் டெம்ப்சி, ஜீன் டன்னியிடம் பட்டத்தை இழந்தார்.

கிளப் வழக்குப் போட்டது. சண்டை நடந்திருந்தால் 16 லட்சம் டாலர் லாபம் வந்திருக்கும் என்றது. நீதிமன்றம் ஏற்கவில்லை. நடக்காத சண்டையின் லாபம் வெறும் ஊகம். ஒப்பந்தத்துக்கு முன்னால் செய்த செலவும் கிடையாது, டெம்ப்சியைத் தடுக்க நடத்திய வழக்குச் செலவும் கிடையாது. கையெழுத்துக்குப் பிறகு, மீறலுக்கு முன்னால், இந்தச் சண்டைக்காகவே செய்த செலவை மட்டும் கேட்கலாம். நம் 73-வது பிரிவும் தொலைவான, மறைமுகமான நஷ்டத்துக்கு ஈடு இல்லை என்றுதானே சொல்கிறது?

தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். ஆனால் வில்ஸின் கணக்கை யார் பார்ப்பது? அவர் அந்த வழக்கில் வாதியே இல்லை. 1919-ல் அவருக்கு வயது 30. 1926-ல் 37. அந்த அக்டோபரில் ஜாக் ஷார்க்கியோடு மோதி, பின்தங்கி, விதிமீறலுக்காக வெளியேற்றப்பட்டார். அடுத்த வருடம் உஸ்குடுன் நாக் அவுட் செய்தார். 'பார்த்தீர்களா, டெம்ப்சியிடம் இவர் எங்கே நின்றிருப்பார்?' என்று சொல்ல எல்லோருக்கும் வசதியாகப் போயிற்று. ஏழு வருடம் காக்க வைத்துவிட்டுப் பரீட்சை வைத்தால் முடிவு அப்படித்தான் இருக்கும்.

அடுத்த கறுப்பு ஹெவிவெயிட் சாம்பியன் ஜோ லூயிஸ். 1937-ல். ஜான்சன் தோற்று 22 வருடம் கழித்து. வில்ஸ் நியூயார்க்கில் கட்டடங்கள் வாங்கி வசதியாகவே வாழ்ந்து 1958-ல் இறந்தார். காசு இல்லாமல் கஷ்டப்படவில்லை. அவருக்குக் கிடைக்காமல் போனது ஒரே ஒரு இரவு. அதற்கு நஷ்ட ஈடு கணக்கிட எந்தப் பிரிவிலும் வழி இல்லை.