கைக்கடிகாரச் சொற்கள்: ஓசூர் வட்டாரம்

கைக்கடிகாரத்தின் உறுப்புகளையும் அதைச் செய்யும் வேலையையும் குறிக்கத் தமிழர் நாவில் புழங்கும் சொற்களில் பெரும்பாலானவை அகராதியிலிருந்து வந்தவை அல்ல. ரிப்பேர் கடை மேசையிலும் தொழிற்சாலையிலும் பழகியவை. தமிழ்நாட்டில் அத்தகைய தொழிற்சாலையான டைட்டன் ஆலை கிருஷ்ணகிரி மாவட்டத்து ஓசூரில் இருக்கிறது. சிறிது தூரத்திலேயே கர்நாடகம் வந்துவிடும்.

‘கடிகாரம்’ என்ற சொல்லே ‘கடிகை’யின் வழி வந்தது. கடிகை என்றால் நாழிகை, அதாவது 24 நிமிடம். ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஓட்டைப் பாத்திரத்தில் நீர் ஏறுவதையோ வடிவதையோ வைத்து நாழிகை கணித்த காலம் அது. முல்லைப்பாட்டில் வரும் ‘கன்னல்’ அத்தகைய நீர்க்கடிகாரமே. தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒரே தெருவில் பேசப்படும் ஓசூரில் இச்சொல்லின் உறவு காதிலேயே விழும். கன்னடக்காரர் ‘கடியார’ என்பார், தெலுங்கர் ‘கடியாரமு’ என்பார், நம் பாட்டிமார் ‘கடியாரம்’ என்பார்கள். ‘கடிகாரம்’ என்று திருத்தமாகச் சொல்பவர் பள்ளிக்கூடத்தில் படித்தவர்.

கையில் கட்டுவதை யாரும் கைக்கடிகாரம் என்பதில்லை, ‘வாட்ச்’தான். கடிகாரம் என்றால் சுவரில் மாட்டுவது. ஆனால் வாட்சின் உள்ளே போனால் தமிழ் திரும்பி வருகிறது. மணி முள், நிமிஷ முள், விநாடி முள். பக்கத்தில் துருத்தும் குமிழைத் திருகுவது ‘சாவி கொடுப்பது’. சுவர்க்கடிகாரத்துக்கும் பழைய பாக்கெட் வாட்சுக்கும் தனிச் சாவி இருந்தது. 1840களில் சாவியில்லாமல் குமிழாலேயே முடுக்கும் முறை ஐரோப்பாவில் வந்தது. சாவி போயிற்று, வினை மட்டும் தங்கிவிட்டது. சாவி கொடுத்தால் சுருள்வில் இறுகும். அது அவிழும் விசை பற்சக்கரங்கள் வழியாகப் போய், முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரத்தால் அளந்து விடப்படும். அந்தச் சக்கரத்தை ஆட்டுவிப்பது மயிரிழைபோன்ற ‘ஹேர் ஸ்பிரிங்’. 1675இல் ஹாலந்து அறிஞர் ஹைகன்ஸ் அதை வாட்சுக்குள் கொண்டுவந்தார். பழைய வாட்சுகள் பலவற்றில் அது மணிக்கு 18,000 அசைவு, விநாடிக்கு ஐந்து. காதில் வைத்தால் கேட்கும் ‘டிக் டிக்’ அதுவே.

தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட சொல் ஒன்று உண்டென்றால் அது ‘கல்’. டயலில் ‘17 ஜுவல்ஸ்’ என்று அச்சிட்டிருக்கும். உள்ளே விலையுயர்ந்த ரத்தினம் இருப்பதாகவும், ரிப்பேருக்குக் கொடுத்தால் கடைக்காரர் கல்லை எடுத்துவிடுவார் என்றும் ஒரு பயம் வெகுநாள் உலவியது. சிலர் கடைவாசலிலேயே நின்று பார்த்தபடி பழுதுபார்க்கச் சொல்வார்கள். உண்மையில் அவற்றில் பெரும்பாலானவை சக்கரங்களின் அச்சுமுனை சுழலும் குழிகள். உலோகம் உலோகத்தோடு உரசினால் தேயும். கடினமான கெம்புக்கல்லில் சுழன்றால் தேயாது. 1704இலேயே லண்டனில் இந்த உத்திக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸின் வெர்னாயி உலையில் செயற்கைக் கெம்பு செய்து காட்டிய பிறகு கல் சல்லிசாகிவிட்டது. திருடித் தின்ன அதில் ஒன்றுமில்லை.

இந்தச் சொற்களைத் தமிழ்நாட்டு வீடுகளில் பரப்பியது பெங்களூருவின் அரசு நிறுவனமான எச்.எம்.டி. ஜப்பானின் சிட்டிசன் கூட்டுறவோடு 1961இல் அங்கு வாட்ச் தயாரிப்பு தொடங்கியது. ஜனதா, சோனா, பைலட், காஞ்சன் என்று பெயர்கள். கையசைவிலேயே முடுக்கிக்கொள்ளும் ‘ஆட்டோமேட்டிக்’ காஞ்சன், மாப்பிள்ளைக்குப் போடும் சீர் வரிசையில் ஏறியது.

1984இல் டாடா குழுமமும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கியதே டைட்டன். டாடா இண்டஸ்ட்ரீஸ், தமிழ்நாடு என்னும் பெயர்களைக் கத்தரித்து ஒட்டிய பெயர் அது. அதன் முதல் நிர்வாக இயக்குநராக இருந்தவர் ஜெர்க்சஸ் தேசாய். 1980களின் நடுவில் ஓசூர் ஆலை ஓடத் தொடங்கியபோது, இன்றைய கிருஷ்ணகிரி தருமபுரி மாவட்டத்தின் பகுதி; 2004இல்தான் பிரிந்தது. சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகளைப் பள்ளி முடித்த கையோடு எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள், எச்.எம்.டி.யில் தொழில் கற்றவர்களும் வந்தார்கள். பிரான்ஸ் எபோஷ் என்னும் நிறுவனத்திடமிருந்து தொழில்நுட்பம் வந்தது. ‘எபோஷ்’ என்றால் பிரெஞ்சில் அரைகுறையாகச் செதுக்கிய உரு. கடிகாரத் தொழிலில் அது முழுமைப்படுத்தாத இயந்திரம். இயந்திர விட்டத்தை ‘லீன்’ என்னும் பழைய பிரெஞ்சு அளவில் சொல்வார்கள். ஒரு லீன் ஏறத்தாழ 2.26 மில்லிமீட்டர், 11½ லீன் இயந்திரம் 26 மில்லிமீட்டர் அகலம். இந்த அந்நியச் சொற்கள் ஆலைக் கதவுக்கு வெளியே வரவில்லை. ரிப்பேர் மேசையில் இன்றும் அது ‘மிஷின்’தான்.

டைட்டன் துணிந்து குவார்ட்ஸை நம்பியது. சுருள்வில்லுக்குப் பதில் செல்; பேலன்ஸ் சக்கரத்துக்குப் பதில் இசைக்கவை வடிவில் வெட்டிய படிகத் துண்டு. மின்சாரம் பட்டால் அது விநாடிக்கு 32,768 முறை அதிரும். விந்தை எண்ணாகத் தோன்றினாலும் காரணம் எளியது. அதைப் பாதியாக்கி, மறுபடி பாதியாக்கி, இப்படி 15 முறை போனால் சரியாக 1 நிற்கும். அந்த ஒரு துடிப்புதான் சின்ன மோட்டாரை ஒரு படி தள்ளுகிறது. அதனால்தான் குவார்ட்ஸ் வாட்சின் விநாடி முள் நழுவாமல் தாவித் தாவிப் போகும். 1969 கிறிஸ்துமஸ் நாளில் ஜப்பானின் செய்கோ முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. எச்.எம்.டி. சரிந்ததற்கும், 2016இல் அதன் வாட்ச் பிரிவை மூட அரசு முடிவெடுத்ததற்கும் இந்தத் தொழில் மாற்றம் ஒரு பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

ஓசூர் ஆலையின் பெருமைக்குரிய பொருள் 2002இல் வந்த ‘எட்ஜ்’. முழு வாட்சும் 3.5 மில்லிமீட்டர் கனம், உள்ளே இருக்கும் மிஷின் 1.15 மில்லிமீட்டர், ஆனாலும் தண்ணீர் தாங்கும். டயலில் எழுதியிருக்கும் ‘30 மீட்டர்’ என்பதைப் பார்த்துக் குளத்தில் குதித்துவிடக் கூடாது. அசையாத நீரின் அழுத்தக் கணக்கு அது. கை கழுவுவதற்கும் மழைச் சாரலுக்கும் போதும், நீச்சலுக்குப் போதாது.

குவார்ட்ஸ் வந்தபின் ‘சாவி கொடு’ மங்கி ‘செல் மாத்து’ வந்தது. கடையில் எண் சொல்லியே கேட்பார்கள்: ‘626 போடுங்க.’ முதல் 6, விட்டம் ஆறு மில்லிமீட்டருக்குமேல், நுணுக்கமாக 6.8, கடைசி 26, கனம் 2.6. ஸ்மார்ட்வாட்ச் கட்டும் பிள்ளைகளுக்கு அதுவும் தேவைப்படாது. ராத்திரி படுக்கும்முன் அவர்கள் வாட்சுக்குச் ‘சார்ஜ் போடுகிறார்கள்’.