பால்மரத்துக்கு முன்னால் ஈயம்

தோட்டத்து ஆட்கள் நாம் நம் கதையைச் சொன்னால் பால்மரத்தில்தான் தொடங்குவோம். கப்பல், கங்காணி, லயம், பெரட்டு என்று வரிசையாக வரும். நெகிரி செம்பிலானில் அது பிற்பாதிதான். நம் ஆட்கள் வந்து இறங்கும் முன்பே ஈயம் தேடியவர்கள் இந்த மண்ணைப் புரட்டிப் போட்டுவிட்டார்கள்.

போர்ட்டிக்சன் போகும் வழியில் இருக்கும் லுக்குட்டை இன்று பலரும் நிற்காமலே கடந்துபோகிறார்கள். 1846இல் சிலாங்கூர் சுல்தான் அதை ராஜா ஜுமாட்டிடம் ஒப்படைத்தார். மறு ஆண்டே அவர் குன்றின்மேல் கோட்டை எழுப்பினார். லம்பம் என்று நாம் சொல்லும் ஈயச் சுரங்கங்களுக்குச் சீனர்கள் திரண்டு வந்தார்கள். 1857இல் ராஜா ஜுமாட்டும் அவருடைய சகோதரர் ராஜா அப்துல்லாவும் மலாக்கா வணிகர்களிடம் 30,000 வெள்ளி கடன் வாங்கி, லுக்குட்டிலிருந்து 87 பேரைக் கிள்ளான் ஆற்றுக்கு அனுப்பினார்கள். ஒரு மாதத்துக்குள் 69 பேரைக் காய்ச்சல் கொண்டுபோனது. மிச்சம் 18 பேர். அதன் பிறகும் ஆள் அனுப்பி அம்பாங்கில் லம்பம் தோண்டினார்கள். அந்த லம்பங்களால் எழுந்த கடைவீதிதான் கோலாலம்பூர். அந்த நகரை வளர்த்த யாப் ஆ லோய் முன்பு வேலை பார்த்த இடங்களில் லுக்குட்டும் ஒன்று. தலைநகரின் தாய்வீடு நம் மாநிலத்தில் இருக்கிறது என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

உள்ளே சுங்கை ஊஜோங்கில், அதாவது இன்றைய சிரம்பான் வட்டாரத்தில், எடுத்த ஈயம் லிங்கி ஆறு வழியாகக் கடலுக்குப் போனது. ஆற்றங்கரைத் தலைவர்கள் படகுகளை மறித்து வரி வாங்கினார்கள். அதனால் மூண்ட சண்டையைச் சாக்காக வைத்துத்தான் வெள்ளைக்காரன் உள்ளே வந்தான். 1874இல் சுங்கை ஊஜோங் தலைவர்களில் டத்தோ கெலானா அவனோடு ஒப்பந்தம் செய்தார், டத்தோ பண்டார் எதிர்த்தார், அதே ஆண்டு போர் மூண்டது. இங்கிலாந்தில் உணவு அடைக்கும் தகர டப்பாவுக்கு ஈயப் பூச்சு வேண்டியிருந்தது. அதற்கான விலையை இங்கே இருந்தவர்கள் ரத்தத்தில் கொடுத்தார்கள்.

1891இல் சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே 39 கிலோமீட்டர் ரயில் பாதை திறந்தது. தனியார் கம்பெனி போட்டது. ஈயத்தைத் துறைமுகம் சேர்ப்பதுதான் முதல் நோக்கம். ரந்தாவ் பக்கம் லின்சம் போன்ற இடங்களில் அப்போது காப்பித் தோட்டங்கள் இருந்தன. 1890களின் கடைசியில் காப்பி விலை விழுந்ததும் ரப்பர் வந்தது. ரப்பரோடு நாம் பெருமளவில் வந்தோம். என் தாத்தா கங்காணியோடு வந்து சிலியாவ் ஸ்டேஷனில் இறங்கியதும் ஈயத்துக்குப் போட்ட அதே பாதையில்தான்.

எங்கள் தோட்டத்து எல்லையில் ஒரு பழைய லம்பக் குட்டை இருந்தது. கரையெல்லாம் சீனி மாதிரி வெள்ளை மணல். லாலாங் புல்கூட அங்கே சரியாக முளைக்காது. தண்ணீர் பச்சையாக, அசையாமல் கிடக்கும். கரையிலிருந்து இரண்டடி வைத்தால் ஆள் முழுகும் ஆழம் என்பதால் அம்மா எங்களை அண்டவிடமாட்டார். பக்கத்து ஓடையில் வயதான சீனப் பெண் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று, அகன்ற மரத்தட்டில் மணலைச் சுழற்றிச் சுழற்றி அலசுவார். வெள்ளை மணல் வழிந்துபோக, அடியில் ஒரு கைப்பிடி கருமணல் தங்கும். அதுதான் ஈயத் தாது. கையில் வாங்கினால் அந்தக் கைப்பிடிக்கு அப்படியொரு கனம்.

1985இல் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்தது. மிஞ்சியிருந்த லம்பங்களும் ஒவ்வொன்றாக மூடின. ரப்பர் செம்பனையானது, செம்பனை வீடமைப்புத் திட்டமாகிக்கொண்டிருக்கிறது. போர்ட்டிக்சன் பாதையில் ரயில் ஓடுவதில்லை. தோட்டத்துக் கோயில் வரலாற்றையும் பள்ளி வரலாற்றையும் மலர் போட்டு எழுதுகிறோம், நல்லதுதான். அதில் லம்பத்துக்கும் நாலு பக்கம் ஒதுக்குங்கள். லுக்குட் அருங்காட்சியகத்துக்கும் கோட்டைக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். உங்கள் தோட்டத்தில் எந்தக் குட்டை யாருடைய லம்பம் என்று பெரியவர்களைக் கேட்டு, அவர்கள் இருக்கும்போதே எழுதி வையுங்கள்.