ஏவலாக வந்த இரு சொற்கள்

ஆங்கில வகுப்பில் நீங்கள் முதன்முதல் கேட்ட தொடர்கள் பெரும்பாலும் ஏவல்களே: 'ஸ்டாண்ட் அப்', 'சிட் டவுன்', 'கம் இன்'. தமிழில் 'ஏறு', 'இறங்கு', 'நுழை' எனத் திசை வினைக்குள்ளேயே அடங்கிவிடும். ஆங்கிலத்திலோ எளிய வினையின் பின்னே நிற்கும் சிறுசொல்லே திசையைச் சுமக்கிறது. இவ்விணைப்புக்கு 'ஃப்ரேசல் வெர்ப்' என்னும் பெயரை லோகன் பியர்சால் ஸ்மித் என்பார் 1925இல் வெளியிட்ட நூலொன்று பரப்பியது. மூன்றாண்டுகள் கழித்து, அப்பெயரையே அறியாத பல்லாயிரம் இந்தியர் அத்தகைய தொடரொன்றைத் தெருக்களில் முழங்கினர். 'சைமன், கோ பேக்' என்பதே அது.

1927 நவம்பரில் பிரிட்டிஷ் அரசு, இந்திய அரசியலமைப்பை ஆராய்வதற்கென்று சர் ஜான் சைமன் தலைமையில் எழுவர் குழுவை அமைத்தது. எழுவரும் பிரிட்டிஷ் பாராளுமன்ற உறுப்பினர். இந்தியர் ஒருவரும் இலர். அவ்வாண்டு டிசம்பரில் டாக்டர் அன்சாரி தலைமையில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபை அக்குழுவைப் புறக்கணிக்கத் தீர்மானித்தது. 1928 பிப்ரவரி 3ஆம் நாள் குழுவினர் பம்பாயில் இறங்கியபோது, கறுப்புக் கொடிகளோடு இம்முழக்கமும் அவர்களை எதிர்கொண்டது. அதை ஆக்கித் தந்தவர் யூசுப் மெகரலி என்னும் பம்பாய் இளைஞர் என்பர்.

ஆங்கில ஆட்சியை எதிர்த்தவர்கள் ஆங்கிலத்தில் முழங்குவானேன் என்று மாணவன் ஒருவன் என்னிடம் கேட்டதுண்டு. நல்ல கேள்விதான். ஏவல், ஏவப்படுவோனுக்குப் புரியவேண்டும் அன்றோ? அன்றியும், லாகூருக்கும் சென்னைக்கும் தாய்மொழி வேறு. இவ்விரு சொற்களோ இரண்டு ஊர்களிலும் எளிதாக நாவில் ஏறின. 'ரிட்டர்ன்' என்னும் சொல்லுக்கும் ஏறத்தாழ இதே பொருள்தான். ஆயினும் அதில் ரயில் பயணச்சீட்டின் வாடை வீசுகிறது! 'கோ' என்பது போகச் சொல்கிறது. 'பேக்' என்பதோ, நீ வந்த இடம் வேறு, இது உன் இடம் அன்று என்கிறது. முழக்கத்தின் வலிமை முழுவதும் அச்சிறுசொல்லில் இருக்கிறது.

இலக்கண நூல்கள் சொல்லாத செய்தி ஒன்றுண்டு. அதுவரை இத்தகைய ஆங்கில ஏவல்கள் மேலிருந்து கீழே வந்தவை. துரை பணியாளனுக்கு இட்டவை, அதிகாரி சிப்பாய்க்கு இட்டவை. 1928இல் அவ்வேவல் கீழிருந்து மேலே சென்றது. அதற்கு நம்மவர் கொடுத்த விலையும் பெரிது. சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அருகே போலீசார் சுட்டனர். அங்கே துப்பாக்கிகளுக்கு எதிரே மார்பைத் திறந்து காட்டி நின்றார் தங்குதூரி பிரகாசம். லாகூரில் அக்டோபர் 30ஆம் நாள் ஊர்வலத்தை நடத்திச் சென்ற முதியவர் லாலா லஜபதி ராய் தடியடிக்கு உள்ளானார். நவம்பர் 17ஆம் நாள் உயிர் நீத்தார்.

லக்னோவில் வேறொரு வழி கண்டனர். கைசர்பாக்கில் தாலுக்தார்கள் அக்குழுவினருக்கு வரவேற்பளித்துக் கொண்டிருந்தபோது, வானத்தில் காற்றாடிகளும் பலூன்களும் மிதந்து வந்தன. அண்ணாந்து பார்த்த விருந்தினர், அவற்றின்மேல் அதே இரு சொற்களைப் படித்தனர்.